முற்றிலும் பயனற்ற எட்டு கம்ப்யூட்டர்கள்

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஓசூரைச் சுற்றியிருந்த அரசு மேல்நிலைப் பள்ளிகளில் அது ஒன்று, அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் அப்போதைய தலைமையாசிரியர் யார் என்று தோண்டி எடுத்து, பழியை அவர் மேல் போட்டுவிடுவார்கள். பழி என்னுடையது. எத்தனையோ வருடமாக அதை யார் தலையிலாவது கட்டிவிடப் பார்த்திருக்கிறேன். எந்தத் தலையிலும் அது நிற்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு நான் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு கிருஷ்ணகிரியில். காலையில் ஓசூர் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, இன்னொரு டவுன் பஸ் மாறிப் பள்ளிக்குப் போக வேண்டும். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலை புதிய கம்ப்யூட்டர்கள் வாங்கியபோது, பழையவற்றில் எட்டை எங்கள் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்தது. சால்வை போர்த்தினோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாங்களும் பார்க்கவில்லை. கோடை விடுமுறையில் பத்து நாள் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய்வந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அறையின் சாவி என்னிடம் வந்தது.

முதல் வருடம் யாரையும் உள்ளே விடவில்லை. அரசுப் பள்ளியில் வேலை பார்க்காதவர்களுக்கு இது புரியாது. இருப்புப் பதிவேட்டில் ஒரு பொருள் ஏறிவிட்டால், அதற்கு எதிரே ஒரு ஆசிரியரின் கையெழுத்து இருக்கும். பொருள் உடைந்தால் அந்தக் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். பொருள் உபயோகமில்லாமல் கிடந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆகவே எங்கள் பள்ளியில் நல்ல மைக்ராஸ்கோப் அலமாரிக்குள் இருந்தது, நல்ல உலக உருண்டை பாலிதீன் பைக்குள் இருந்தது, எட்டு கம்ப்யூட்டர்களும் துணி உறைக்குள் இருந்தன. பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒன்று முதல் எட்டு வரை எண் எழுதிவைத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு மட்டும் உறையைக் கழற்றிப் பொட்டு வைப்போம்.

இரண்டாம் வருடம்தான் எனக்கே வெட்கமாகிப் போனது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அறையைத் திறந்து, விருப்பப்பட்ட பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னேன். முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஒன்பது பேர் மிச்சம். அந்த ஒன்பதில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

உத்தனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர் அவளுக்கு. வீட்டில் தெலுங்கு. அப்பாவும் அம்மாவும் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள். என் பாடத்தில் சுமாராகத்தான் எழுதுவாள், பொய் சொல்வானேன். ஆனால் அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவாள். அந்தக் கால கம்ப்யூட்டருக்குள் எதுவும் தங்காது. ஒவ்வொரு முறையும் பிளாப்பி என்ற சதுரத் தகட்டைச் செருகினால்தான் அது உயிர் பெறும். செருகாவிட்டால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கும், அவ்வளவுதான். பிளாப்பிகளை ஒரு பெட்டியில் போட்டு நான் பூட்டி வைத்திருந்தேன். எந்தப் பிளாப்பி எந்த மெஷினில் முரண்டு பிடிக்கும் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது. வகுப்பு முழுவதன் மதிப்பெண்களையும் கொடுத்தால் ராங்க் வரிசையில் அடுக்கித் தருகிற ஒரு புரோகிராமை அவளாக எழுதினாள். அதைப் பார்த்துவிட்டு நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன், ஏதோ நானே எழுதியதைப் போல.

கம்ப்யூட்டர் கொடுத்த அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு அதிகாரி ஒருநாள் வந்து பார்த்தார். பிளஸ் டூ முடித்ததும் டைப் அடிக்கவும் கணக்குப் பதியவும் கம்ப்யூட்டரில் தெரிந்த இரண்டு பெண்களை ஸ்டோர்ஸ் ஆபீசுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஏப்ரலில் ஒரு பரீட்சை வைப்பார்களாம். மற்றப் பெண்களை எங்கே எடுப்பார்கள் என்பது ஓசூரில் எல்லாருக்கும் தெரியும். லைனில். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே திருகாணி முடுக்குகிற வேலை, மூன்று ஷிப்ட். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கும் லைனுக்கும் நடுவே அந்தப் பெண்ணிடம் இருந்தது என் அறையும் ஏப்ரல் வரைக்குமான மதிய வேளைகளும் மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் நான் புத்திசாலித்தனம் பண்ணினேன்.

எட்டில் இரண்டு கெட்டுப்போயின. ஒன்றில் திரை இருண்டுவிட்டது. இன்னொன்று பிளாப்பியைத் தின்றது. பெங்களூரிலிருந்து வந்துபோகும் ஒரு மெக்கானிக்கைக் கேட்டேன். சின்ன வேலைதான் சார், அரை நாளில் முடித்துவிடலாம் என்றார். என் கையிலிருந்து போட்டே செய்திருக்கலாம். ஆனால் அரசுச் சொத்தில் வெளியாள் திருகாணியைக் கழற்றினால் கேள்வி வரும் என்று ஒரு சாக்கு இருந்தது. அதற்குக் கீழே கஞ்சத்தனமும் இருந்தது. மேலலுவலகத்துக்கு எழுதிப் போடலாம் என்று தலைமையாசிரியரிடம் போனேன்.

தலைமையாசிரியர் நல்ல மனுஷர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. நான் எழுதிக்கொண்டு போன கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு ரிப்பேருன்னு எழுதினா எவன் சார் பார்ப்பான்? மீதி ஆறு ஓடுதில்ல, அத வெச்சுச் சமாளிங்கன்னு சொல்லிருவான். அழுத புள்ளதான் பால் குடிக்கும். நல்லா அழுது எழுதுங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். கூரை ஒரு மூலையில் ஒழுகினால், 'கட்டடம் எந்த நேரமும் இடிந்து விழும் அபாயத்தில் உள்ளது' என்று எழுதுவோம். பெஞ்சு நான்கு குறைந்தால், 'மாணவ மாணவியர் அனைவரும் வெறுந்தரையில் அமர்ந்து பயில்கின்றனர்' என்று எழுதுவோம். படிக்கிற குமாஸ்தாவுக்கும் அது தெரியும். அவர் எங்கள் கண்ணீரில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு, கால்வாசியை நம்பி ஏதாவது அனுப்புவார். அரசாங்கம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நானும் உட்கார்ந்து அழுதேன். 'இப்பள்ளியில் உள்ள எட்டு கணிப்பொறிகளும் முற்றிலும் பயனற்ற நிலையில் உள்ளன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அந்த 'முற்றிலும்' என்ற சொல்லை இரண்டாவது முறை எழுதும்போதுதான் சேர்த்தேன். நன்றாக விழுந்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தோஷம் வேறு.

அவள் பிளஸ் டூவுக்கு வந்த ஜூலையில் கடிதம் போனது. தீபாவளி கழிந்து பதில் வந்தது. எங்கள் போதாத காலம், அந்த வருடம் அந்த மேசைக்கு யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். அந்த ஆள் என் கண்ணீரில் ஒரு சொட்டைக்கூடக் கழிக்கவில்லை. பொறுப்பாசிரியரின் அறிக்கைப்படி எட்டு கணிப்பொறிகளும் பயனற்றவை என்பதால் அவற்றைக் கண்டம் செய்து ஏலத்தில் விற்று, தொகையைச் செலுத்தி, பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டுத் தகவல் தர வேண்டும் என்று உத்தரவு. கண்டம் செய்வது என்றால், இது இனி எதற்கும் ஆகாது என்று ஒரு பொறியாளர் வந்து பார்த்து எழுதிக் கொடுப்பது. பழைய ஜீப்பும் உடைந்த பீரோவும் அப்படித்தான் கழியும்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் ஓடினேன். ஆறு ஓடுகிறதே சார், திரும்ப எழுதிவிடலாம் என்றேன்.

"என்னன்னு எழுதுவீங்க? எட்டும் போச்சுன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க? இப்ப ஆறு ஓடுதுன்னா, அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்கு எழுதறது பொய்யான்னு கேப்பான். பதினேழு-பி குடுத்தா இன்க்ரிமென்ட்டு போயிரும் சார். உங்களுக்கும் போவும், கூடச் சேந்து எனக்கும் பென்சன் பேப்பரு நிக்கும். வேணுங்களா நமக்கு?"

பதினேழு-பி என்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. நான் திரும்ப எழுதவில்லை. தங்கைக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். இப்படி ஆயிரம் காரணம் அடுக்கலாம். பயந்தேன் என்ற ஒரே காரணம் போதும். பிள்ளைகளிடம் எதையும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம்போல மதியம் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

பொறியாளர் வரப்போகிற நாள் டிசம்பரில் ஒரு காலை. அன்று நான் ஒரு பஸ் முன்னதாகவே கிளம்பிப் போனேன். அறையைத் திறந்து, பிளாப்பிப் பெட்டியைக் காலி செய்து, எல்லாவற்றையும் என் சாப்பாட்டுக் கூடையில் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடினேன். உடைக்கவில்லை, எதையும் சேதப்படுத்தவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிளாப்பி இல்லாவிட்டால் மெஷின் தானாக நிற்கப் போகிறது. அதில் என் தவறு என்ன?

வந்தவர் கட்டடங்களைப் பார்க்கிற பொறியாளர். கம்ப்யூட்டருக்கென்று அந்த வட்டாரத்தில் அரசாங்கத்திடம் ஆள் கிடையாது, அதனால் அவரை அனுப்பியிருந்தார்கள். காலையில் வர வேண்டியவர் மதிய மணி அடித்த பிறகுதான் தலைமையாசிரியரோடு வந்தார். சுவர் விரிசலைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு மெஷினையும் குனிந்து பார்த்தார். சுவிட்சைப் போடச் சொன்னார். போட்டேன். பச்சை எழுத்து வந்து நின்றது.

"எழுத்து வருதேங்க?"

"அதோட நின்னுரும் சார்."

ஏழு முறை அதையே சொன்னேன். இருண்ட திரையைப் பார்த்தபோது மட்டும் உண்மையாகவே தலையை ஆட்டினேன். அவர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அது மதிய இடைவேளை, அவள் வருகிற நேரம். அதை நான் மறந்தே போயிருந்தேன். கையில் நோட்டோடு நின்றாள். பச்சை எழுத்தோடு நின்றிருந்த மெஷின்களைப் பார்த்தாள், திறந்து கிடந்த காலிப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பிளாப்பி போடலீங்களே சார்," என்றாள். உதவி செய்கிற குரலில்தான் சொன்னாள். பிறகு அந்தப் பெரிய மனிதருக்கும் விளக்கினாள். "போட்டா ஓடுமுங்க சார். ஆறு நல்லா ஓடுதுங்க. ரெண்டுதான் ரிப்பேரு."

பொறியாளர் பேனாவை மூடினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

"என்னங்க சார், பொண்ணு இப்படிச் சொல்லுது? ஓடுமா ஓடாதா, சரியாச் சொல்லிருங்க. ஓடும்னா நான் ஓடுதுன்னு எழுதிட்டுப் போறேன். எனக்கு ஒண்ணுமில்ல."

நான் தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வா வெளியே என்று அவர் கூப்பிட்டதுபோல இருந்தது. பின்னால் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். எனக்கு அந்தச் செருமல்தான் கேட்டது.

"பொய் சொல்றா சார்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யை நம்ப வைக்க இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும் என்பது கடிதம் எழுதி எழுதிக் கைக்குப் பழகியிருந்தது. "கிளாசுக்குப் போகாம இங்க வந்து உக்காந்துக்கறதுக்கு இப்படி எதையாச்சும் சொல்லிட்டே இருப்பா. பொய் சொல்றதே இவளுக்கு வேல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அதட்டி அனுப்பியிருப்பேன், எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறேனோ என்று பார்த்தாள் என நினைக்கிறேன். பிறகு வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். பொறியாளர் தோளைக் குலுக்கிவிட்டு எழுத ஆரம்பித்தார். பசி நேரம், அவரும் சாப்பிடப் போக வேண்டும்.

பொங்கல் முடிந்து ஏலம் நடந்தது. எட்டு கம்ப்யூட்டரையும் கால் போன பெஞ்சுகளோடும் துருப்பிடித்த தண்ணீர் டிரம்மோடும் ஒரே குவியலாகப் போட்டோம். மூன்று பேர் போட்டி போட்டு ஏலம் கேட்டார்கள். மூன்று பேரும் வந்திறங்கியது ஒரே வேனில். கம்ப்யூட்டர்களை மட்டும் பழைய போர்வை சுற்றிப் பதனமாக ஏற்றினார்கள். பெஞ்சையும் டிரம்மையும் சுவரோரம் விட்டுவிட்டுப் போனார்கள். பயனற்ற பொருளுக்கு எதற்கப்பா போர்வை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. என்னால் கேட்கவும் முடியாது.

பத்து நாள் கழித்து, ஏலம் எடுத்தவரின் ஆள் ஒருவர் பஸ் நிறுத்தத்தில் என்னைத் தேடிவந்தார். பாதி கன்னடம், பாதி தமிழ்.

"சாரே, பெட்டியெல்லா சென்னாகிதே, நல்லா இருக்குது. பிளாப்பிதான் இல்ல. அது நிம்ம கிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் துணிவில்லை. பிளாப்பிகள் அப்போது என் வீட்டுப் பரணில் இருந்தன. வீட்டில் இருக்க இருக்கத் திருட்டுப் பொருளை வைத்திருப்பதுபோல உறுத்திக்கொண்டிருந்தன. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் அறை. வாசலில் 'கம்ப்யூட்டர் பயிற்சி மையம், பெண்களுக்குத் தனி நேரம்' என்று புதிய போர்டு. உள்ளே ஒன்று முதல் எட்டு வரை எங்கள் வெள்ளைப் பெயின்ட் எண்ணோடு எட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இருண்ட திரையைக்கூடச் சரி செய்துவிட்டார்கள், அரை நாள் வேலைதானே. அந்த ஆள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

அந்தப் பெண்ணைத் தினம் ஒரு மணி நேரம் காசு வாங்காமல் உட்கார விடுங்கள் என்று அப்போது கேட்டிருந்தால் நிச்சயம் விட்டிருப்பார்கள். அவர்களுக்கு நான் செய்து கொடுத்த உபகாரம் அப்படி. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் செய்தது, டீ பாதி கிளாஸில் இருக்கும்போது தோன்றியது. ஆனால் கேட்டால் அவளிடம் போய் நான் அதைச் சொல்ல வேண்டும். அந்த மெஷின்கள் ஓடுகின்றன, இன்ன இடத்தில் இருக்கின்றன என்று என் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

டிசம்பருக்குப் பிறகு அவள் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்வாள், அவ்வளவுதான். நான் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பாள். மற்ற எட்டுப் பிள்ளைகளில் இரண்டு பேர் மாடி வகுப்புக்குப் பணம் கட்டிப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஏப்ரலில் தொழிற்சாலை வைத்த பரீட்சைக்கு எங்கள் பள்ளியிலிருந்து அந்த இரண்டு பேர் போய், ஒருத்தி தேர்வானாள். ராங்க் வரிசை புரோகிராம் எழுதியவள் நான்கு மாதம் ஒரு விசையைத் தொடாமல் எந்த முகத்தோடு போவாள்? அவள் போகவில்லை.

மே மாதக் கடைசியில் மாற்றுச் சான்றிதழ் கொடுத்தோம். வகுப்பாசிரியர் என்பதால் நான்தான் நிரப்பினேன். ஓசூரில் எந்தக் கம்பெனி வேலைக்கும் அந்தக் காகிதம் வேண்டும். மாமரத்தடியில் மேசை போட்டு, வரிசையாகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளும் வந்தாள். அப்பா தள்ளி நின்றிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாத்தியாருக்கு மரியாதையாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு.

"எதுக்கும்மா, காலேஜுக்கா?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

"கம்பெனிக்குங்க சார். லைன்ல எடுத்திருக்காங்க. திங்கக்கெழம சேரணும்."

நல்லது என்றோ என்னவோ முணுமுணுத்துக்கொண்டு காகிதத்தை நீட்டினேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் போய்விடுவாள் என்று பார்த்தேன். போகவில்லை. அங்கேயே நின்று மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள். மாணவரின் குணமும் நடத்தையும் என்று அச்சடித்திருந்த வரி. அதற்கு எதிரே, எல்லாருக்கும் எழுதுவதுபோல, 'நன்று' என்று எழுதியிருந்தேன்.

"பொய் சொல்றதே வேலைன்னீங்களே சார்," என்றாள். குரலில் கோபம் இல்லை, மரியாதை குறையவில்லை. "நன்றுன்னு போட்டிருக்கீங்க. எதுங்க சார் நெசம்?"

அவள் அப்பா என்னவோ என்று ஒரு அடி முன்னால் வந்தார். நான் குனிந்து, பட்டியலில் அடுத்த பெண்ணின் பெயரைக் கூப்பிட்டேன்.